அந்த மஞ்சள் பையைக் கொடுத்தவர்களுக்கு

ரத்தமும் பிளேட்லெட்டும் கொடுத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போன அன்பர்களுக்கு,

வணக்கம். உங்களை எனக்குத் தெரியாது, உங்களுக்கும் என்னைத் தெரியாது. ரத்த வங்கியில் கேட்டுப் பார்த்தேன். கொடுத்தவர் விவரத்தைச் சொல்வதில்லை என்றார்கள். அது நல்ல விதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு வருடமாக மனதில் சேர்ந்து கிடக்கிற நன்றியை எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். அதனால்தான் எல்லோர் கண்ணிலும் படும்படி இந்த மடல். என் தங்கையின் உடம்பில் ஓடியதைக் கொடுத்தவர் இதைப் படிக்கிறவர்களில் ஒருவராக இருக்கலாம்.

போன வருடத் தொடக்கத்தில் அவளுக்குத் தீவிர ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. முதலில் காலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். அழுத்தினால் மறையவில்லை, அரிக்கவும் இல்லை. அப்புறம் பல் துலக்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை. ரத்தக் கசிவை அடைத்து நிறுத்தும் நுண்ணிய அணுக்கள்தான் பிளேட்லெட். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,50,000க்குக் குறையாமல் இருக்க வேண்டிய பிளேட்லெட் அவளுக்கு 10,000க்கும் கீழே போயிருந்தது. அந்த அளவில் காயமே படாமலும் உள்ளுக்குள் ரத்தம் கசியலாம், மூளையில்கூட. "இன்றைக்கே ஏற்ற வேண்டும்" என்றார் மருத்துவர்.

என் ரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் உடனே சொன்னேன். கூடப் பிறந்தவள், ஒரே ரத்த வகை. வேண்டாம் என்றார்கள். பின்னால், ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையை மாற்ற நேர்ந்தால் என்னுடையதுதான் பொருந்த வாய்ப்பு அதிகம். இப்போதே என் ரத்தத்தை ஏற்றினால் அவள் உடம்பு என் அணுக்களுக்கு எதிராகப் பழகிவிடலாம், அப்போது மாற்று மஜ்ஜை ஒட்டாமல் போகலாம். ஆக, அவளை அன்று இரவு காப்பாற்றக்கூடியவர்களின் பட்டியலில் வீட்டு ஆட்கள் யாருமே இல்லை. எங்களோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒருவர்தான் வேண்டியிருந்தது.

அந்த ஒருவர் ஏற்கனவே வந்து போயிருந்தார்.

பை வந்ததும் எனக்கு ஆச்சரியம். சிவப்பாக இருக்கும் என்று நினைத்தேன், வெளிர் மஞ்சளாக இருந்தது. அசைத்தால் உள்ளே மெல்லிய மேகம் மாதிரி சுழன்றது. இரண்டு செவிலியர் சேர்ந்து வந்தார்கள். ஒருவர் பையில் இருந்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாசிக்க, இன்னொருவர் தங்கையின் மணிக்கட்டுப் பட்டையையும் தாளையும் பார்த்துச் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெயர், ரத்த வகை, எடுத்த தேதி, காலாவதித் தேதி. ஒரு தப்பான எண்ணால் உயிர் போகும் என்பதால் ஒவ்வொரு பைக்கும் இதையே செய்தார்கள். நள்ளிரவானாலும், ஆறு மாதம் பழகிய நோயாளியானாலும் அந்த வாசிப்பு குறையவில்லை. அவர்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

"அக்கா, இது யாருதுக்கா?" என்று கேட்டாள் தங்கை. எனக்குப் பதில் தெரியவில்லை. பையில் ஒட்டியிருந்ததைத்தான் வாசித்துச் சொன்னேன்.

அந்தத் தேதியைத்தான் பிறகு பல இரவுகள் யோசித்துக்கொண்டிருந்தேன். சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தால் 42 நாள் வரை தாங்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை உறையவைத்தால் மாதக் கணக்கில் இருக்கும். பிளேட்லெட் அப்படி இல்லை. அதைக் குளிரில் அடைக்காமல், 20 முதல் 24 டிகிரியில், நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கும் தட்டில் வைக்கிறார்கள். அப்படியும் பொதுவாக ஐந்து நாள்தான், அப்புறம் கொட்டிவிட வேண்டும். அப்படியென்றால் என் தங்கைக்கு ஏறிய ஒவ்வொரு மஞ்சள் பையும் அந்தந்த வாரத்தில் யாரோ வேலையை விட்டு வந்து கொடுத்தது. என்றைக்கோ யாரோ சேர்த்து வைத்த கையிருப்பு இல்லை. கீமோ முடிந்து மஜ்ஜை காலியாகிக் கிடந்த வாரங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு பை தேவைப்பட்டது. அத்தனை முறையும் அலமாரியில் இருந்தது. அதாவது நீங்கள் வந்திருந்தீர்கள்.

என் பிரார்த்தனையைப் பற்றியும் உங்களிடம் சொல்ல வேண்டும். நான் கடவுள் நம்பிக்கையோடு வளர்ந்தவள். மனப்பாடமான பிரார்த்தனைகள் நிறைய உண்டு. அந்த வருடம் அவை எதுவும் வாயில் வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து "கடவுளே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராமல் விடிந்த இரவுகள் உண்டு. அப்படி ஓர் இரவுக்கு அடுத்த நாள் மதியம் வந்த பையின் தேதியைப் பார்த்தேன். அதை எடுத்தது நான் அழுத இரவுக்கு முந்தைய நாள். நான் வாயைத் திறக்கும் முன்பே ஒருவர் கையை நீட்டிப் படுத்து, கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போயிருக்கிறார். அதற்கு முன்பெல்லாம், நான் கேட்பேன், அவன் தருவான் என்றுதான் என் நம்பிக்கை இருந்தது. கேட்கிற வார்த்தையில், கேட்கிறவரின் தகுதியில் ஏதோ இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அந்தத் தேதியைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. என் நம்பிக்கை போகவில்லை. ஆனால் அது இப்போது நிற்கிற இடம் வேறு.

எந்நேரமும் நன்றியோடு இருந்தேன் என்று சொன்னால் அது பொய். ஆறுதல் சொல்ல வந்தவர்களில் பலர் "எல்லாம் நன்மைக்கே" என்றார்கள், "தாங்குகிறவர்களுக்குத்தான் கடவுள் சோதனை தருவார்" என்றார்கள். அவர்கள் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இருபத்து நான்கு வயதுப் பெண் வாய்ப்புண்ணோடு எச்சில் விழுங்க முடியாமல் படுத்திருக்கும்போது இந்த நோய்க்காக நன்றி சொல் என்பது என்னால் ஏற்க முடியாத உபதேசம். இன்றும் ஏற்கவில்லை. எல்லாவற்றையும் இழந்து துன்பத்தில் கிடந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று விவிலியத்தில் வருகிறது. அவர்கள் செய்ததில் சிறந்தது அதுதான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

நீங்கள் ஒன்றும் பேசவில்லை. எங்களுக்கு ஏன் வந்தது என்று விளக்கம் சொல்லவில்லை. கொடுத்தீர்கள்.

பக்கத்து அறையில் கல்லூரி படிக்கும் வயதில் ஒரு பையன் இருந்தான். அதே நோய், அதே மருந்துகள், அதே மஞ்சள் பைகள். சில நாள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஏறும். என் தங்கைக்கு மஜ்ஜை மெல்ல மெல்ல வேலையைத் தொடங்கியது, அவனுக்குத் தொடங்கவில்லை. தொற்று வந்து போய்விட்டான்.

"கடவுள் உன் தங்கையைக் காப்பாற்றினார்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் முகம்தான் வரும். அந்த வாக்கியத்தை அவன் அம்மாவுக்கு முன்னால் நின்று என்னால் சொல்ல முடியுமா? முடியாது. அவர் முன்னால் சொல்ல முடியாததை என் பிரார்த்தனையிலும் சொல்ல எனக்கு மனமில்லை. ஆகவே தங்கை பிழைத்ததற்காக மட்டும் நன்றி சொல்லி நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை. இந்தக் கணக்கை எப்படித் தீர்ப்பது என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாவே வந்தார். சாமான்களைக் கட்டிக்கொண்டு போகும்போது எங்கள் அறைக்குள் வந்து தங்கையின் தலையைத் தொட்டார். அப்போது அவளுக்குப் பை ஏறிக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இதைக் கொடுக்கிற பிள்ளைங்க நல்லா இருக்கணும்மா" என்றார். "இது இல்லைன்னா முதல் வாரமே போயிருப்பான். இத்தனை நாள் எங்கூடப் பேசிக்கிட்டு இருந்தான்ல."

அவர் போன பிறகு நான் அழுதேன். மகனை இழந்த அன்று அவர் உங்களை வாழ்த்திவிட்டுப் போனார். உங்களில் யாருடைய ரத்தமோ ஒருவரைக் காப்பாற்றவில்லை என்ற செய்தி உங்களுக்கு எட்டினால், வீணாகிவிட்டதே என்று நினைக்காதீர்கள். அது ஒரு தாய்க்குச் சில வாரங்களாகப் போய்ச் சேர்ந்தது, அதை அவர் எண்ணி வைத்திருக்கிறார். அவர் உங்களுக்குச் சொன்னதை உங்களிடம் சேர்ப்பது என் பொறுப்பு என்று நினைக்கிறேன். இந்த மடலை எழுதியதற்கு அதுவும் காரணம், ஒருவேளை அதுதான் முதல் காரணம்.

ஒரு காலத்தில் ரத்தம் ஏற்ற வேண்டுமென்றால் கொடுப்பவரும் பெறுபவரும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டும். வெளியே எடுத்தால் உறைந்துவிடும் என்பதால் நேராக நாளத்திலிருந்து நாளத்துக்கு. சோடியம் சிட்ரேட் கலந்தால் உறையாது என்பதை 1914இல் பெல்ஜியத்தில் ஆல்பர்ட் ஹஸ்டினும் அர்ஜென்டினாவில் லூயிஸ் அகோட்டேயும் தனித்தனியாகச் செய்து காட்டினார்கள். அதற்கு முன்பே, 1901இல், கார்ல் லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைக் கண்டு சொல்லியிருந்தார். பிறகுதான் ரத்தத்தைச் சேமிக்கவும் வேறிடத்துக்கு அனுப்பவும் முடிந்தது. அதோடு முகம் பார்த்து நன்றி சொல்லும் வழியும் அடைபட்டது. நான் அதற்காக வருத்தப்படவில்லை. முகம் தெரிந்திருந்தால் ஒரே ஒருவருக்கு நன்றி சொல்லிக் கணக்கை முடித்திருப்பேன். இப்போது பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தாலும், இவராக இருக்குமோ என்று தோன்றுகிறது. மனிதர்களைப் பார்க்கும் பார்வையே எனக்கு மாறிவிட்டது.

தங்கை இப்போது வீட்டில் இருக்கிறாள். நோய் அடங்கியிருக்கிறது, பரிசோதனைகள் தொடர்கின்றன, ஒவ்வொரு முடிவு வரும்வரையும் பயம்தான். ரத்தப் புற்றுநோய் வந்தவர்கள் குணமான பிறகும் பொதுவாக ரத்தம் கொடுக்க முடியாது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடியாதே என்று அவளுக்குப் பெரிய குறை. அதனால் தினமும் உங்களுக்காகப் பிரார்த்தனை செய்கிறாள். பெயர் தெரியாததால் ரத்த வகையைச் சொல்லி வேண்டிக்கொள்கிறாள்: "அந்த ஓ பாசிட்டிவ் ஆளுங்க எல்லாரும் நல்லா இருக்கணும்."

கொடுப்பதை நான் எடுத்துக்கொண்டேன். முதல் முறை பிளேட்லெட் கொடுத்தபோதுதான் நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்று புரிந்தது. ஒன்றரை இரண்டு மணி நேரம் கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். இயந்திரம் ரத்தத்தை வாங்கி, பிளேட்லெட்டைப் பிரித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. நடுவில் உதடு மரத்து, கூசியது. கேட்டேன், இயந்திரத்தில் கலக்கும் சிட்ரேட் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவதாம். அந்த 1914ஆம் ஆண்டு சிட்ரேட்தான் இதுவும். கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள், சரியாகிவிட்டது.

ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசனை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 14 வயதில் பெரிய அறுவை சிகிச்சை நடந்து, முகம் தெரியாதவர்களின் ரத்தத்தால் பிழைத்தவர். வயது வந்ததும் நானும் கொடுப்பேன் என்று சொல்லி, 1954இல் தொடங்கி, 81 வயதில் விதிப்படி நிறுத்தச் சொன்ன 2018 வரை 1,173 முறை கொடுத்தார். அவர் பிளாஸ்மாவில் இருந்த அரிய எதிர்ப்பொருளால் செய்த மருந்து சுமார் 24 லட்சம் குழந்தைகளைக் காக்க உதவியது என்று அந்நாட்டு ரத்த சேவை அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. 2025இல் காலமானார். ஊசி குத்துவதைக் கடைசிவரை அவர் பார்த்ததே இல்லையாம், முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். பயம் போகக் காத்திருக்காமல் போய்க்கொண்டே இருந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

சரி, ஒரு வேண்டுகோளையும் வைத்துவிடுகிறேன். சொந்தக்காரருக்கு ஆபத்து என்றால் ஓடி வந்து கொடுப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் அன்று எடுத்ததைப் பரிசோதித்து, பிரித்து, ஏற்றத் தகுதியாக்குவதற்கு நேரம் ஆகும். என் தங்கைக்கு அன்று இரவு அந்த நேரம் இருந்ததா தெரியவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகாத சாதாரண நாளில் வருகிறவர்களால்தான் அலமாரி நிறைகிறது. தொடர் விடுமுறை வரும் வாரங்களில் கொடுக்க வருகிறவர்கள் குறைந்துவிடுகிறார்கள், கீமோ நோயாளியின் மஜ்ஜைக்கு விடுமுறை தெரியாது. முடிந்தவர்கள் அந்த வாரங்களில் ஒரு நாளை ஒதுக்குங்கள். ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மருத்துவரைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு மறுபடியும் வாருங்கள். நிரந்தரமாக முடியாது என்று சொல்லப்பட்டவர்கள் வேறு ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.

அடுத்த விடுமுறை வாரத்துக்கு நான் ஏற்கனவே பெயர் கொடுத்துவிட்டேன்.

நன்றியுடன்,
ஒரு நோயாளியின் அக்கா