செயலாளரின் ஆண்டறிக்கை: ஃப்ளைபேக் பெட்டியும் நிலுவைச் சந்தாவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது மின்னணு ஆர்வலர் சங்கத்தின் கடந்த ஆண்டுச் செயல்பாடுகளை உங்கள் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. சில கூட்டங்கள் குறைவெண் (கூட்டம் நடத்தத் தேவையான வருகை) சேராமல் ஒத்திவைக்கப்பட்டன. புதிய உறுப்பினர்களுக்குச் சால்டரிங் வகுப்பு நடத்தப்பட்டது. நூலக அலமாரி ஒழுங்குபடுத்தப்பட்டது. மூத்த உறுப்பினர் ஒருவரை இவ்வாண்டு இழந்தோம். அவருக்குச் சங்கத்தின் அஞ்சலி. அவர் சேர்த்து வைத்திருந்த பழைய தொலைக்காட்சி உதிரிபாகங்களை அவருடைய குடும்பத்தார் சங்கத்துக்கே அளித்துவிட்டார்கள். படக்குழாய்த் தொலைக்காட்சிகள் உற்பத்தியிலிருந்து மறைந்துவிட்ட இக்காலத்தில், நல்ல நிலையில் உள்ள ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர்கள் கிடைப்பது அரிது. அவற்றை வைத்துத் தொடங்கியதுதான் உயர் மின்னழுத்தப் பெட்டி. இதைப் பற்றிச் செயற்குழுவில் பல கேள்விகள் எழுந்தன. எல்லாவற்றுக்கும் இங்கேயே விடை சொல்வது என் கடமை என்பதால் இப்பகுதி சற்று நீளும்.

வண்ணத் தொலைக்காட்சியின் படக்குழாய்க்கு ஏறத்தாழ 25 கிலோவோல்ட் தேவை. அதைக் கொடுப்பது ஃப்ளைபேக். அதன் உள்ளீட்டுச் சுருளான பிரைமரியில் மின்னோட்டம் ஏறும்போது ஆற்றல் காந்த உள்ளகமான ஃபெரைட் கோரின் காற்று இடைவெளியில் காந்தப்புலமாகச் சேர்கிறது. சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டிக்கும்போது அந்த ஆற்றல் முழுவதும் வெளியீட்டுச் சுருளான செகண்டரி வழியே வெளியே பாய்கிறது. 625 வரித் தொலைக்காட்சியில் இது வினாடிக்கு 15,625 முறை நடந்தது. தொலைக்காட்சி இல்லாமல் இதே டிரான்ஸ்ஃபார்மரை இயக்க ஒரு டிரைவர் சுற்று வேண்டும். அந்தச் சுற்றைக் கட்டுவதுதான் நாம் எடுத்துக்கொண்ட பணி.

முதல் விவாதமே எந்தச் சுற்று என்பதில் எழுந்தது. உறுப்பினர்களில் பலர் ஒற்றை 2என்3055 டிரான்சிஸ்டர் போதும் என்றார்கள். கோரின் வெளிக்காலில் ஐந்து முறை சுற்றிய கம்பி பிரைமரி, டிரான்சிஸ்டரை மாறிமாறித் திறந்து மூடச் செய்ய மூன்று முறை சுற்றிய கம்பி ஃபீட்பேக், இரண்டு மின்தடை, ஒரு 12 வோல்ட் பேட்டரி. ஒரு மாலையில் கட்டிவிடலாம். அதை முதலில் கட்டினோம், பொறியும் வந்தது. ஆனால் டிரான்சிஸ்டர் கொதித்தது. அந்தச் சுற்றில் டிரான்சிஸ்டர் துண்டிக்கும் கணத்தில் அதன் கலெக்டர் முனையில் எழும் மின்னழுத்தத் துடிப்பு, அது தாங்கக்கூடிய 60 வோல்ட்டை எளிதில் தாண்டும். சூட்டை வெளியேற்றும் பெரிய ஹீட்சிங்க் வைத்தாலும் நீண்ட நேரம் ஓட்ட முடியாது. கற்றுக்கொள்ள அது நல்ல சுற்று. சங்கத்தின் சொத்தாகப் பல ஆண்டுகள் நிற்க வேண்டிய கருவிக்கு அது போதாது என்று நான் அன்றே எழுத்தில் தெரிவித்தேன். இன்றும் அதே கருத்தில் இருக்கிறேன்.

ஆகவே இரண்டு மாஸ்ஃபெட்டுகள் (மின்னழுத்தத்தால் திறந்து மூடும் ஒருவகை டிரான்சிஸ்டர்கள்) மாறிமாறி இயங்கும் ஒத்ததிர்வுச் சுற்றுக்குப் போனோம். கோரில் ஐந்தும் ஐந்துமாகச் சுற்றி, நடுவில் ஒரு முனை எடுத்து, அதற்கு ஓர் இண்டக்டர் (கம்பிச்சுருள்) வழியே மின்சாரம் கொடுக்க வேண்டும். குறுக்கே ஒரு 0.68 மைக்ரோஃபாரட் பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர் (மின்தேக்கி). மின்னோட்டம் நுழையும் டிரெயின் முனையின் மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு வரும் தருணத்தில்தான் ஒவ்வொரு மாஸ்ஃபெட்டும் மாறுகிறது; அதனால் சூடு மிகக் குறைவு. இந்தச் சுற்றில் டிரெயினில் எழும் உச்சம் சப்ளையின் பை (3.14) மடங்கு. 12 வோல்ட்டுக்குச் சுமார் 38, 24 வோல்ட்டுக்குச் சுமார் 75. நாம் போட்ட ஐஆர்எஃப்பி250 தாங்குவது 200 வோல்ட். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அந்த மாஸ்ஃபெட்டைக் கேட்டேன். மலிவானது ஒன்றை வாங்கியிருக்கலாமே என்ற கேள்விக்கு இதுவே விடை.

மாஸ்ஃபெட்டுகள் எரிந்தன என்பது உண்மை. அது வீண்செலவு என்று பேசப்பட்டதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் இணை எரிந்தது, பணிமேசை சப்ளையின் குமிழைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல மெல்ல ஏற்றியபோது. பொதுவாக அது நல்ல பழக்கம். இந்தச் சுற்றுக்கு மட்டும் நஞ்சு. மின்னழுத்தம் மெதுவாக ஏறினால் இரண்டு மாஸ்ஃபெட்டுகளும் ஒன்றாகத் திறந்துகொள்கின்றன, அலைவு தொடங்குவதில்லை, இண்டக்டர் வழியே முழு மின்னோட்டமும் தரைக்குப் பாய்கிறது. சப்ளையை முதலில் 24 வோல்ட்டில் வைத்துவிட்டு, பிறகு சுவிட்சைப் போட வேண்டும். இப்போது பெட்டியில் அப்படித்தான் வைத்திருக்கிறோம். மின்னழுத்தம் குறைந்தால் ரிலே தானாகத் துண்டித்துவிடும், வழியில் ப்யூஸும் உண்டு. இரண்டாம் இணை எரியவில்லை, அளவுக்கு மீறிச் சுட்டது. ஒரு மாஸ்ஃபெட்டை மற்றதோடு இணைக்கும் குறுக்கு டயோடுகளாக யுஎஃப்4007 போட வேண்டிய இடத்தில் யாரோ ஒருவர் 1என்4007 போட்டிருந்தார். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். யுஎஃப்4007 தன் மின்னோட்டத்தை 75 நானோவினாடிக்குள் நிறுத்திவிடும். மற்றது அதைவிடப் பல மடங்கு மந்தம். டயோடை மாற்றியதும் ஹீட்சிங்கில் கை வைக்க முடிந்தது. இந்த இரு அனுபவங்களும் அலைவடிவப் படங்களோடு பதிவேட்டில் உள்ளன. அடுத்து இதைக் கட்டுபவர் ஒரு மாஸ்ஃபெட்டையும் இழக்க வேண்டியதில்லை.

ஃப்ளைபேக்கின் அடியில் உள்ள முனைகளில் செகண்டரியின் திரும்பு முனை எது என்று கண்டுபிடிப்பதில் சில உறுப்பினர்கள் மல்டிமீட்டரோடு நெடுநேரம் போராடினார்கள். பிற்கால ஃப்ளைபேக்குகளுக்குள் உயர் மின்னழுத்த டயோடுகள் தொடராக இருக்கின்றன. மல்டிமீட்டரின் சிறு மின்னழுத்தம் அவற்றைத் திறக்கப் போதாது. குறைந்த சக்தியில் இயக்கி, காப்பிட்ட குச்சியில் கட்டிய உயர் மின்னழுத்தக் கம்பியை ஒவ்வொரு முனைக்கும் அருகே கொண்டுசென்றால், வலுவான பொறி பாயும் முனையே அது. அதைக் கட்டாயம் தரையோடு இணைக்க வேண்டும். இணைக்காமல் விட்டால் பொறி உள்ளேயே கோருக்குப் பாய்ந்து காப்பைத் துளைத்துவிடும். ஒரு நல்ல ஃப்ளைபேக்கை இப்படி இழந்தோம். அதை இணைப்பு சரிபார்க்கும் முன்பே இயக்கிப் பார்த்தவர்கள் அதன்பின் பணிமேசைப் பக்கம் வரவில்லை.

இன்னொரு செய்தியும் பதிவாக வேண்டும். பெட்டியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்குப் பொறி எழுந்த அன்று, ஒரு மில்லிமீட்டருக்கு மூன்று கிலோவோல்ட் என்று பெருக்கி, நாம் 1,50,000 வோல்ட் உண்டாக்கிவிட்டதாகச் சில உறுப்பினர்கள் அறிவிப்புப் பலகையில் எழுதினார்கள். நான் அதை அழித்தேன். அதற்காகச் சிலர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. மில்லிமீட்டருக்கு மூன்று கிலோவோல்ட் என்பது சீரான மின்புலத்தில், வழவழப்பான கோளங்களுக்கு இடையே, காற்று முதன்முதலாக உடையும் அளவு. கூர்முனையிலிருந்து அதைவிடக் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி பாயும். ஒருமுறை பற்றிக்கொண்ட பொறி சூடான பிளாஸ்மாவாகி மின்சாரத்தைத் தானே கடத்துவதால், முனைகளை விலக்க விலக்க அதுவும் நீண்டுகொண்டே வரும். அந்த ஐந்து சென்டிமீட்டர் இழுத்து நீட்டிய நீளம். தவறான எண்ணைச் சங்கத்தின் பெயரில் எழுதி வைக்க என்னால் இயலாது.

சரியான அளவைச் சொல்ல நம்மிடம் உயர் மின்னழுத்தப் புரோப் இல்லை. சாதாரண மல்டிமீட்டரை அந்தக் கம்பியில் வைத்தால் அது அங்கேயே முடிந்தது. ஆயிரத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் காட்டும் புரோப் ஒன்று வாங்க வேண்டும் என்று ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்டிருந்தேன். நிதி இல்லை என்ற ஒற்றைச் சொல்லில் அது முடிந்தது.

பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியதாக என்மீது குறை சொல்லப்படுகிறது. அதை நான் மறுக்கவில்லை. ஃப்ளைபேக்கின் டி.சி. வெளியீட்டில் ஒரு கெப்பாசிட்டரை இணைத்தால், சுவிட்சை அணைத்த பின்னும் அது மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கும். படக்குழாயின் கண்ணாடியே அப்படி ஒரு கெப்பாசிட்டர்தான். தரைக்கம்பி கட்டிய குச்சியால் தொட்டு இறக்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. சுவரிலுள்ள ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் கருவி) காப்பாற்றும் என்று ஒருவர் வாதிட்டார். செகண்டரி மெயின்ஸிலிருந்து முற்றிலும் பிரிந்து நிற்பதால், அங்கே ஒருவர் அடிவாங்குவது அந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. கண்ணாடி வெற்றிடக் குழாய்களை இப்பெட்டியோடு இணைக்கத் தடை விதித்ததும் காரணத்தோடுதான்; இந்த அளவு மின்னழுத்தத்தில் அவற்றிலிருந்து எக்ஸ் கதிர்கள் வரலாம். பொறியிலிருந்து ஓசோன் உண்டாவதால் சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பு டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டுவந்து இதைவிடப் பெரிய பொறி காட்டலாம் என்றவர்களுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: 2,000 வோல்ட்டில் அது தரும் மின்னோட்டம் ஓர் ஆளை முதல் தொடுகையிலேயே கொன்றுவிடும். நான் செயலாளராக இருக்கும்வரை அது இந்த அறைக்குள் வராது.

இப்போது பெட்டி முழுமையாக இருக்கிறது. அக்ரிலிக் மூடி, மூடியைத் திறந்தால் துண்டிக்கும் சுவிட்ச், அவசர நிறுத்தப் பொத்தான், எச்சரிக்கை விளக்கு, சுற்றுப்படம் ஒட்டிய பின்பலகை எல்லாம் உண்டு.

இதைச் செய்தவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டிய இடத்துக்கு வருகிறேன். திட்டம் அறிவிக்கப்பட்ட அன்று அறை நிறைய மக்கள் நின்றார்கள். முதல் பொறியைக் கைபேசியில் படம் பிடித்தார்கள். கோரில் கம்பி சுற்றியபோது, காப்பு டேப் ஒட்டியபோது, அலைவடிவத்தைப் பதிவேட்டில் வரைந்தபோது இருந்தவர்கள் நாலைந்து பேர்தான். ஒவ்வொரு ஞாயிறும் அவர்களே வந்தார்கள். இண்டக்டருக்குக் கம்பி கொண்டுவருவதாகச் சொல்லிச் சென்றவரிடமிருந்து கம்பியும் வரவில்லை, தகவலும் வரவில்லை. அலைவடிவம் காட்டும் சங்கத்தின் ஆசிலோஸ்கோப்பை வீட்டுக்கு எடுத்துச் சென்ற உறுப்பினர் அதை நான்கு நினைவூட்டல்களுக்குப் பிறகு திருப்பித் தந்தார். அதனோடு வந்த புரோபின் கவ்வி உடைந்திருந்தது. இரவல் பதிவேட்டில் கையெழுத்திடாமல் இனி ஒரு கருவியும் வெளியே போகாது.

சந்தா நிலை வருந்தத்தக்கது. உறுப்பினர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இவ்வாண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. சிலருக்குச் சென்ற ஆண்டு பாக்கியும் சேர்ந்து நிற்கிறது. பெயர்ப் பட்டியல் என்னிடம் உள்ளது. அதைப் படிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் "சங்கம் என்ன செய்தது?" என்று கேட்பவர்களின் பெயர்களும் அதில் இருக்கின்றன என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவைவிடச் செலவு சற்று மிகுந்தது. பற்றாக்குறை முந்தைய இருப்பிலிருந்து ஈடுசெய்யப்பட்டது. பெட்டிக்கான செலவில் ஒரு பகுதியை அதில் உழைத்தவர்களே தம் கையிலிருந்து போட்டார்கள். அதை அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை.

அறையை அளித்துவரும் நிர்வாகத்தினருக்கும், தணிக்கை செய்தவருக்கும், தலைவர், துணைத்தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும் நன்றி. உதிரிபாகங்களை அளித்த குடும்பத்தாருக்குச் சிறப்பு நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். மீதமிருக்கும் ஃப்ளைபேக்குகளைச் சோதித்துத் தரம் பிரிக்க வேண்டும். ஒத்ததிர்வுக் கெப்பாசிட்டரை இருமடங்காக்கினால் அதிர்வெண் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்காகக் குறையும். பொறி எப்படி மாறுகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்குப் புரோப் வேண்டும். மாணவர்களுக்குச் செயல்விளக்கம் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பெட்டியை இயக்க ஒருவர், நிறுத்தப் பொத்தானருகே ஒருவர் என எப்போதும் இருவர் இருந்தாக வேண்டும் என்பது விதி. இப்போதுள்ள நாலைந்து பேரை வைத்து ஆண்டு முழுவதும் அதை நடத்த இயலாது.

செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு எவரேனும் முன்வந்தால் அலமாரிச் சாவியையும் பதிவேட்டையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். கூடவே நின்று கற்றும் கொடுப்பேன். எவரும் வராவிட்டால் இன்னும் ஓராண்டு தொடர எனக்குத் தடையில்லை. அப்படியானால் நிலுவைச் சந்தா இம்மாத இறுதிக்குள் வரவேண்டும் என்பதையும், ஞாயிற்றுக்கிழமைப் பணிக்கு மேலும் ஆறு பேராவது பெயர் கொடுக்க வேண்டும் என்பதையும் இப்பொதுக்குழு தீர்மானமாக நிறைவேற்றித் தர வேண்டுகிறேன். பெயர் எழுதுவதற்கான தாள் வாசலருகே மேசைமேல் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளரும் கூட்டம் முடியும்வரை அங்கேயே இருப்பார்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்