பாப்பா சொல்லித்தான் தெரிஞ்சுது

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதறேன். வாத்தியார் வீட்டுப் பாப்பா படிக்கிற கோயமுத்தூர் காலேஜ் வகுப்பையும் உன்னோட நியூயார்க் வகுப்பையும் இன்டர்நெட் வழியாச் சேர்த்துப் பாடம் நடத்தறயாமே. அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இது இன்னைக்கு நேத்து வந்ததில்லையாம். ஜான் ரூபின்னு சினிமாப் பாடம் நடத்துற பேராசிரியர் ஒருத்தர் முயற்சியில, நியூயார்க் அரசுப் பல்கலைக்கழகம் 2006லயே இதுக்குன்னு தனி மையம் ஆரம்பிச்சுதாம். விசாவும் வேண்டாம், ஏரோப்ளேன் செலவும் வேண்டாம், எந்த வீட்டுப் பிள்ளையும் வெளிநாட்டுப் பிள்ளைகளோட படிக்கலாம்னா நல்ல காரியம்தான். முதல்ல பாடமே எடுக்காம, பிள்ளைகளைச் சும்மா பேசிப் பழக விட்டயாம். அதுக்கப்புறம்தான் குழு பிரிச்சயாம். சரியாத்தான் செஞ்சிருக்க. முன்னப்பின்ன தெரியாத பிள்ளைகளைப் பேச வைக்கிற உனக்கு, அம்மாகிட்டப் பேசத்தான் நேரமில்லை.

நம்ம நொய்யல் ஆத்தையும் உங்க ஹட்சன் ஆத்தையும் பாடமா எடுத்துக்கிட்டீங்களாமே. 1992ல கட்டி முடிச்ச ஒரத்துப்பாளையம் அணையில சாயத்தண்ணி நின்னது, 2011ல ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது எல்லாம் பாப்பா குழு எழுதுதாம். ஹட்சன்ல 1977 வரைக்கும் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி விட்ட கழிவை, 2009ல இருந்து சேத்தோட தோண்டி எடுத்தாங்கன்னு அந்தப் பிள்ளைகள் சொன்னாங்களாம். அப்பாரு தோட்டத்துக் கிணறு கதையைக்கூட நீ சொன்னயாம். அதைக் கேட்டு உங்க அப்பா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் எந்திரிச்சுப் போய் வாத்தியார்கிட்டச் சொல்லிட்டு வந்தார்.

வேளைக்குச் சாப்பிடு கண்ணு. உனக்குக் காலையில ஒன்பது மணி வகுப்பு. இங்க சாயங்காலம் ஆறரைக்கு இருந்தது, நவம்பர்ல உங்க ஊர்ல கடிகாரத்தைத் திருப்பி வச்சதும் ஏழரை ஆயிடுச்சாம். அதுக்கு முன்னாடி எதையாவது வயித்துக்குப் போட்டுக்க. மேடம் இளைச்சுட்டாங்கன்னு பாப்பா சொல்றா.

இன்னொண்ணும் சொன்னா. இப்ப உனக்குப் பின்னாடி தெரியற சுவரு வேறயாம். புத்தக அலமாரியைக் காணோமாம், மாப்பிள்ளை மாட்டின பெரிய படத்தையும் காணோமாம். கோட்டுப் போட்டுக்கிட்டே பாடம் நடத்தறயாம். அந்த வீட்ல ஹீட்டர் இல்லையா? எந்த வீடுன்னு நான் கேக்கலை. குளிருக்கு அடக்கமா இருக்கான்னுதான் கேக்கறேன். மாப்பிள்ளையும் தீபாவளிக்குப் போன் பண்ணலை. வேலை இருக்கும். அதையும் நான் கேக்கலை.

பெரியம்மா மகனுக்கு நிச்சயம் ஆயிருக்கு, விவரம் அப்புறம் எழுதறேன். நீ வேளைக்குச் சாப்பிடு. காலையில வெறும் காப்பியோட உக்காராத.

டிசம்பர்ல உங்க காலேஜ் லீவுதானே. டிக்கெட் போடு. மாடி ரூமை வெள்ளையடிச்சு வச்சிருக்கோம். மாப்பிள்ளையோட வந்தாலும் சரி, நீ மட்டும் வந்தாலும் சரி. ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்.

அன்புடன்,
அம்மா