செயலாளர் ஆண்டறிக்கை: பர்சரியா, லோனா, வேலை ஒப்பந்தமா?

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். பொங்கல், தைப்பூசக் காவடி, ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியது, புரட்டாசிச் சனிக்கிழமைகள், எல்லாம் நல்லபடியாக நடந்தன. சமையலறையில் விடியற்காலையிலிருந்து நின்ற பெண்களுக்கும், சம்பளம் வாங்காமல் தமிழ் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றி. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். மீதி அறிக்கை முழுக்க ஒரே விஷயம்தான், ஏனென்றால் இந்த ஆண்டு சங்கத்தைத் தேடி வந்தவர்களில் அதிகம் பேர் அதற்காகத்தான் வந்தார்கள்: பிள்ளைகளின் மேற்படிப்புக்குத் தென்னாப்பிரிக்க அரசாங்கம் கொடுக்கும் பணத்துக்கு என்ன நிபந்தனை, அதில் எதைத் திருப்பிக் கட்ட வேண்டும், எதைக் கட்ட வேண்டாம்.

முதலில் பழைய கடன். 2017 டிசம்பர் 16 அன்று அப்போதைய அதிபர் ஜேக்கப் ஜூமா ஏழை, தொழிலாளர் குடும்பப் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு என்று அறிவித்தபோது, அதோடு பழைய கடனும் போயிற்று என்று டர்பனில் நம் சாட்ஸ்வொர்த்திலேயே எத்தனையோ பேர் நினைத்துக்கொண்டார்கள், இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போகவில்லை. 2018 முதல் என்எஸ்ஃபாஸ், அதாவது அரசாங்கத்தின் மாணவர் நிதி உதவி அமைப்பு, கொடுத்த பணம்தான் பர்சரி, திருப்பிக் கட்ட வேண்டாத உதவிப் பணம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் வாங்கியது லோன், இன்றைக்கும் லோன்தான். அந்தக் காலத்து விதி இப்படி: பாடங்களில் தேறினால் லோனில் 40 சதவீதம் வரை பர்சரியாக மாற்றித் தள்ளுபடி செய்வார்கள், மிச்சத்தை வேலைக்குப் போய் ஆண்டுக்கு 30,000 ரேண்ட் சம்பாதிக்க ஆரம்பித்ததும் கட்ட வேண்டும், சம்பளத்தில் 3 சதவீதத்தில் தொடங்கி 59,300 ரேண்ட் வரும்போது 8 சதவீதம். வட்டி, ரிசர்வ் வங்கி மற்ற பாங்குகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ விகிதத்தில் 80 சதவீதம். படிப்பை முடித்தோ விட்டோ 12 மாதம் கழித்துத்தான் அது ஓட ஆரம்பிக்கும். பாங்கில் வாங்கும் எந்தக் கடனையும்விட இது மெதுவான கடன், அதனால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் 1999-ஆம் ஆண்டின் 56-ஆம் எண் சட்டப்படி முதலாளியிடமே சொல்லிச் சம்பளத்தில் பிடிக்க முடியும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நாற்பதைத் தாண்டிய ஒரு அண்ணன் ஒரு கட்டுக் கடிதத்தோடு வந்தார். எல்லாம் அவர் அம்மா முன்பு இருந்த வீட்டு முகவரிக்கு வந்தவை, பாதி பிரிக்கவே இல்லை. மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது இரண்டு வெவ்வேறு கடன்கள் கலந்து கிடந்தன: ஒன்று என்எஸ்ஃபாஸ் லோன், இன்னொன்று கடைசி ஆண்டுக் கட்டணத்தில் பல்கலைக்கழகத்துக்கே வைத்த பாக்கி. பட்டச் சான்றிதழ் நின்றுபோனது இரண்டாவதால். அவரோ இத்தனை வருஷமும் முதல் கடனைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகப் பாக்கிக்கு அங்கேயே எழுதித் தவணை கேட்க வேண்டும், லோனுக்கு என்எஸ்ஃபாஸிடம் கணக்கு விவரம் கேட்க வேண்டும். இரண்டு கடிதத்தையும் அன்றைக்கே உட்கார்ந்து எழுதினோம்.

இப்போதைய பர்சரிக்கு வருகிறேன். குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானம் 350,000 ரேண்டுக்குள் இருக்க வேண்டும், உடல் ஊனமுள்ள மாணவருக்கு 600,000 வரை. சாசா என்ற அரசுச் சமூக நல அமைப்பின் உதவித்தொகை (கிராண்ட்) வாங்கும் பிள்ளை என்றால் வருமான அத்தாட்சி தேவையில்லை. பெற்றோர் இல்லாமலோ, இருந்தும் இல்லாத மாதிரியோ, ஆயா தாத்தா வளர்த்த பிள்ளைகள் நம்மில் நிறைய. அவர்களுக்குச் சமூகப் பணியாளர் நிரப்பித் தரும் தனிப் படிவம் ஒன்று இருக்கிறது, அது தெரியாமல் தகப்பனின் சம்பளச் சீட்டுக்காக மாதக்கணக்கில் அலைந்த ஒரு ஆயாவைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. தயவுசெய்து இதை அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள்.

இந்தப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டாம், சரி. ஆனால் ஆண்டுகளுக்கு ஒரு எல்லை உண்டு. மூன்று வருஷப் படிப்பு என்றால் கூடுதலாக ஒரு வருஷம், ஆக நாலு வருஷம்தான், அதற்கு மேல் கிடையாது. நடுவில் பாடப்பிரிவை மாற்றினால் முன்பு இருந்த வருஷங்களும் கணக்கில் சேரும். பொறியியலில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வணிகவியலுக்கு மாறும் பிள்ளை, மாறுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பட்டம் வாங்கியபின் இரண்டாவது பட்டத்துக்கு உதவி இல்லை. பொய்யான வருமானம் காட்டியது தெரிந்தால் நிறுத்திவிட்டுக் கொடுத்ததையும் கேட்பார்கள். படிப்பை விடுவதென்றால், வகுப்புக்குப் போகாமல் இருந்தால் மட்டும் போதாது, முறைப்படி எழுதிக் கொடுத்துப் பெயரை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆண்டு முழுக்கச் சேர்ந்து தோற்ற ஆண்டாகவே பதிவாகும். உடம்பு சரியில்லாமல் நின்ற பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் அந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் காகிதத்தைப் பற்றி நினைக்கத் தோன்றாது.

350,000-க்கும் 600,000-க்கும் நடுவே மாட்டிக்கொண்ட குடும்பங்களுக்கு 2024-இல் தனித் திட்டம் ஒன்று வந்தது. 380 கோடி ரேண்ட், அதில் 70 சதவீதம் அறிவியல், பொறியியல் மாதிரியான படிப்புகளுக்கு. அது லோன். பர்சரி என்று நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம் ஃபுன்சா லுஷாக்கா என்ற பர்சரி, 2007-இல் ஆசிரியர் படிப்புக்கென்று அரசாங்கம் தொடங்கியது. எத்தனை வருஷம் பணம் வாங்கினீர்களோ அத்தனை வருஷம் அரசுப் பள்ளியில் வேலை பார்க்க வேண்டும், மாகாணக் கல்வித் துறை எங்கே அனுப்புகிறதோ அங்கே. டர்பனை விட்டு வரமாட்டேன் என்று மறுத்தால் வாங்கியது முழுவதும் வட்டியோடு கடனாகிவிடும். எனக்கு இது நியாயமான ஏற்பாடாகவே படுகிறது, நாட்டின் பணத்தில் படித்தவர் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாலு வருஷம் சொல்லிக் கொடுத்தால் என்ன? ஆனால் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் இதைக் கையெழுத்துக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். வேலை உத்தரவு கையில் வந்தபின் அழுவதைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே செயற்குழு இரண்டு தீர்மானங்களைப் பொதுக்குழு முன் வைக்கிறது. முதலாவது, விண்ணப்பம் திறந்திருக்கும் மாதங்களில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் மண்டபத்தின் சின்ன அறையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கணக்கர் ஒருவரும் விண்ணப்பத்துக்கு உதவ உட்காருவார்கள், உறுப்பினரா இல்லையா, தமிழரா இல்லையா என்று கேட்க மாட்டார்கள். இரண்டாவது, சங்கத்தின் கல்வி நிதியைப் பரிசுக் கோப்பைகளுக்குச் செலவழிப்பதை நிறுத்தி, பர்சரிப் பணம் வந்து சேரும் வரை டாக்ஸிக் காசுக்கும் சாப்பாட்டுக்கும் திண்டாடும் மாணவர்களுக்குக் கொடுப்பது. இதில் சில மூத்தவர்களுக்குச் சம்மதமில்லை என்று தெரியும், பேசட்டும், பிறகு கை தூக்கி முடிவு செய்வோம்.

வருகிறவர்கள் அடையாள அட்டை, மெட்ரிக் மதிப்பெண், பெற்றோர் சம்பளச் சீட்டு, வந்திருக்கும் கடிதங்கள் எல்லாவற்றையும் கொண்டு வரவும். விண்ணப்பத்தில் கொடுத்த அதே கைபேசி எண் பையில் இருக்கட்டும், உள்ளே நுழைவதற்கான ரகசிய எண் (ஓடிபி) அதில்தான் வரும்.

செயலாளர்