அரசாணை எண்ணை விண்ணப்பத்திலேயே அச்சிடுங்கள்: உயர்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு உயர்கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கும், மாநில உயர்கல்வி மன்றத்தினருக்கும், பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கும், துணைவேந்தர் இல்லாத இடங்களில் பொறுப்பு வகிக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

இளநிலை ஆறாம் பருவத் தேர்வு எழுதிய மாணவர்கள் முதுநிலைப் படிப்பைத் தேடி அலையும் காலம் இது. கல்லூரிகள் தரும் விளக்கக் குறிப்பேட்டில் ஆய்வகப் படம், விடுதிப் படம், வேலை கிடைத்தவர்களின் படம் எல்லாம் பளபளப்பாக இருக்கின்றன. படிக்கப்போகும் பட்டம் அரசுப் பணிக்கு எந்தப் பாடத்துக்கு இணையானது என்கிற வரியை மட்டும் எந்தப் பக்கத்திலும் காணோம். அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் இந்த மடல்.

பின்னணியை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இணைத்தன்மை, அதாவது ஒரு பட்டம் இன்னொரு பட்டத்துக்கு இணையானது என்ற அங்கீகாரம், கோரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவைக் கூட்டுவது உயர்கல்வி மன்றம். பரிந்துரையை அரசாணையாக்குவது உங்கள் துறை. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி என்று சான்றிதழில் இருந்தால் பிரச்சினை இல்லை. முன்னால் 'அப்ளைடு' என்று ஒரு சொல் சேர்ந்தாலோ, பின்னால் ஒரு சிறப்புப் பிரிவின் பெயர் ஒட்டிக்கொண்டாலோ, பணி அறிவிப்பில் 'வேதியியல்' என்றிருக்கும் இடத்துக்கு அது பொருந்துமா என்பதை அரசாணைதான் சொல்ல வேண்டும். எம்.காம். சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்), எம்.ஏ. கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ், எம்.எஸ்சி. அப்ளைடு மைக்ரோபயாலஜி என்று எத்தனையோ பெயர்கள். இந்த ஆணைகள் பட்டத்தின் பெயரோடு அதை வழங்கிய பல்கலைக்கழகத்தையும் குறிப்பிட்டே வருகின்றன. ஆகவே பக்கத்து மாவட்டத்தில் அதே பெயரில் படித்தவருக்கு வேலை கிடைத்தது என்பதை நம்பியும் சேர முடியாது.

இது எங்கே போய் இடிக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். எழுத்துத் தேர்வில் தேறி, கட்-ஆஃப் மதிப்பெண்ணையும் தாண்டி ஒருவர் சான்றிதழ் சரிபார்ப்புக்கு வருகிறார். கையில் பிளாஸ்டிக் ஃபைல்: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, சாதிச் சான்றிதழ், தமிழ்வழிச் சான்றிதழ், எல்லாம் வரிசையாக. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பட்டச் சான்றிதழைப் புரட்டிப் பெயரைப் படிக்கிறார், அறிவிப்பில் உள்ள பெயரோடு ஒப்பிடுகிறார், 'ஈக்விவலன்ஸ் ஜி.ஓ. (இணைத்தன்மை அரசாணை) கொண்டு வந்திருக்கீங்களா?' என்று கேட்கிறார். இந்தப் பெயரில் இப்படி ஒரு ஆணை வேண்டும் என்பதே விண்ணப்பதாரருக்கு அப்போதுதான் தெரிகிறது. படித்த கல்லூரிக்கு ஓடினால் பல்கலைக்கழகத்தைக் கேள் என்கிறார்கள். பல்கலைக்கழகத்தில், சான்றொப்பமிட்ட பாடத்திட்டத்தோடு மன்றத்துக்கு விண்ணப்பி என்கிறார்கள். அவர் படித்த ஆண்டின் பாடத்திட்டமோ இரண்டு முறை மாறிப்போய், பழைய பிரதி துறை அலுவலகத்தில்கூடக் கிடைப்பதில்லை. அதையும் தேடிப் பிடித்து, குழு கூடும்வரை காத்திருந்து, சாதகமான ஆணையே வந்தாலும் அது இந்த வேலைக்கு உதவாது. அறிவிப்பு நாளுக்குப் பின் வெளியான இணைத்தன்மை ஆணை ஏற்கப்படாது என்று தேர்வாணையத்தின் அறிவுரைகளிலேயே எழுதியிருக்கிறது. இரண்டாண்டுப் படிப்பு, அதற்கான கட்டணம், போட்டித் தேர்வுக்குப் போன வருடங்கள், இவ்வளவும் சான்றிதழில் அச்சான ஒரு சொல்லால் நின்றுபோகின்றன. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் அந்த மாணவர் அல்லர்.

பெயரைத் தேர்ந்தெடுப்பது பாடத்திட்டக் குழு. அனுமதிப்பது கல்விப் பேரவை. சுயநிதிப் பிரிவில் இடம் நிரம்ப வேண்டும் என்று புதுப்பெயர் சூட்டும்போது, இணைத்தன்மைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்ற நினைப்பே பல கல்லூரிகளுக்கு வருவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் பட்டங்களின் பெயர்களை வரையறுத்து அறிவிக்கை வெளியிட்டது உண்மை. ஆனால் அது எம்.எஸ்சி., எம்.காம். என்னும் பட்டப் பெயரோடு நின்றுவிடுகிறது. அடுத்து வரும் பாடப் பெயர்தான் இங்கே தலைவலி.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். எந்த முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பம் வழங்கினாலும், பட்டச் சான்றிதழில் எப்படி அச்சாகுமோ அதே முழுப்பெயரையும், அது எந்தப் பாடத்துக்கு இணை என்ற அரசாணையின் எண்ணையும் நாளையும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிடச் சொல்லுங்கள். ஆணை இல்லையென்றால் 'இணைத்தன்மை ஆணை இல்லை' என்று அச்சிடச் சொல்லுங்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் சேர்க்கை உங்கள் இணையதளத்திலேயே நடக்கிறது. பாடப்பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் சேர்த்தால் போதும்.

இணையத்தில் தேடிக்கொள்ளலாமே என்று பதில் வரக்கூடும். தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். ஆணைகள் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப் பக்கங்கள். பெயரைத் தட்டித் தேடினால் ஒன்றும் அகப்படாது. ஒரே ஆணையின் இணைப்பில் பல பல்கலைக்கழகங்களின் பட்டங்கள் அட்டவணையாக இருக்கும். சிலவற்றுக்கு எதிரே 'இணையானது', சிலவற்றுக்கு எதிரே 'இணையானதல்ல'. ஆணையின் தலைப்பில் பட்டத்தின் பெயர் இருக்காது. தன் பட்டம் பட்டியலில் இருக்கிறது என்பதைப் பார்த்ததுமே நிம்மதியடைந்து, எதிர்க் கட்டத்தைப் படிக்காமல் விடுகிறவர்களும் உண்டு.

இதோடு சேர்ந்த இன்னொன்று கிராஸ் மேஜர், அதாவது இளநிலையில் ஒரு பாடமும் முதுநிலையில் வேறொரு பாடமும் படிப்பது. மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கு முதுநிலையில் 50 விழுக்காடும் பி.எட்.-உம் இருந்தால் மட்டும் தீராது. இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாகவோ இணையான பாடமாகவோ இருக்க வேண்டும். பல்கலைக்கழகச் சேர்க்கை விதியோ எம்.ஏ. வரலாற்றுக்கு 'ஏதேனும் ஒரு பட்டம்' என்கிறது. பி.காம். முடித்தவர் அதை நம்பிச் சேர்கிறார், நன்றாகவும் படிக்கிறார், பி.எட்.-உம் முடிக்கிறார், கடைசியில் வாசலில் நிறுத்தப்படுகிறார். பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி படித்துவிட்டு எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேருகிறவரும் இதே கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டுதான் சேர வேண்டும். சேர்வதற்கான தகுதி வேறு, பணிக்கான தகுதி வேறு என்பதை அவர்களுக்கு யாருமே சொல்வதில்லை. பாடம் மாறிப் படிப்பது தவறில்லை. ஆராய்ச்சிக்கோ தனியார் வேலைக்கோ போக நினைப்பவருக்கு அது நல்ல வழியாகக்கூட இருக்கும். எந்த வழி திறந்திருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்பது தெரிந்து மாறட்டும் என்றுதான் கேட்கிறோம். எந்தெந்த இளநிலைப் பாடம் படித்தவருக்கு இந்த முதுநிலைப் பட்டம் ஆசிரியர் பணிக்குச் செல்லும் என்பதையும் அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

கல்லூரி ஆசிரியராக விரும்புகிறவர் பார்க்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுநிலையில் 55 விழுக்காடும், அதோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியோ விதிப்படி பெற்ற பிஎச்.டி. பட்டமோ வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினர், கிரீமிலேயர் அல்லாத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு தளர்வு. அறிவியல் மாணவர்கள் எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் வேதியியல், இயற்பியல், கணிதம், உயிரியல், புவி அறிவியல் என ஐந்தே தாள்கள். புதுப்பெயர் கொண்ட ஒரு படிப்பின் பாடத்திட்டம் இந்த ஐந்தில் எதோடும் ஒட்டாமல், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுச் சென்றால், அந்த மாணவர் எந்தத் தாளை எழுதுவார்? எழுதப்போகும் தாளின் அடிப்படைப் பகுதிகளைத் தானாகவே வெளியில் படித்தாக வேண்டும். சேரும்போதே தெரிந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பார்.

காலமும் பிள்ளைகளுக்கு எதிராகவே ஓடுகிறது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வுக்கு விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடுகிறது, தேர்வு பிப்ரவரியில். புதுச்சேரிப் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கான க்யூட் முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு 2022-இல் வந்தது. இப்போது அதன் விண்ணப்பம் புத்தாண்டை ஒட்டியே நடந்து முடிகிறது. எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்புகளுக்கு டான்செட் என்னும் மாநில நுழைவுத் தேர்வு தனி. ஐந்தாம் பருவத்தில் சொல்ல வேண்டியதை ஆறாம் பருவத்தின் பிரிவு உபசார விழாவில் சொல்லும் கல்லூரிகளே மிகுதி. முதல் தலைமுறையாகப் பட்டம் பெறும் பிள்ளைக்கு வீட்டில் சொல்ல ஆள் கிடையாது. மாநிலச் சேர்க்கையிலாவது விவரமாக முடிவெடுக்கலாம் என்றால், இணைவுபெற்ற கல்லூரிகளின் ஆறாம் பருவ முடிவு வருவதற்குள் தாமே தேர்வு நடத்தி முடிவு வெளியிடும் தன்னாட்சிக் கல்லூரிகளில் இடங்கள் நிரம்பிவிடுகின்றன. அரியர் மறுமதிப்பீட்டுக்குக் காத்திருப்பவரின் கதி இன்னும் மோசம். பதற்றத்தில், முதலில் கிடைத்த இடத்தில் பணத்தைக் கட்டி ஒரிஜினல்களையும் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் நல்ல இடம் கிடைத்தாலும் சான்றிதழைத் திரும்ப வாங்க முடிவதில்லை. அசல் சான்றிதழ்களை நிறுத்தி வைக்கக் கூடாது என்றும், கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் சிறு பிடித்தம் போகக் கட்டணத்தை முழுதும் திருப்பித் தர வேண்டும் என்றும் மானியக் குழு 2018-இலேயே அறிவித்துவிட்டது. அலுவலக ஜன்னலில் போய் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும் ஒரு மாணவி. 'முழு ரெண்டு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிக்கோ' என்ற பதிலைக் கேட்டு அழுதுகொண்டு திரும்பும் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு? விதி எழுதியாகிவிட்டது என்பதோடு உங்கள் கடமை முடிந்துவிடுகிறதா?

கோபம் சற்று மேலோங்கிவிட்டது, பொறுத்தருள்க. தேர்வு முடிவுகளையும் கட்டணங்களையும் ஒரே பருவத்தில் சீர்செய்துவிட முடியாது என்பதை அறிவோம். ஆனால் இந்தக் கோரிக்கைக்குப் புதிய நிதியோ, புதிய பணியிடமோ, சட்டத் திருத்தமோ தேவையில்லை. ஆணைகள் உங்கள் கோப்புகளிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு பல்கலைக்கழகப் பதிவாளரும் தம் முதுநிலைப் படிப்புகளின் பட்டியலை எடுத்து, எதிரே ஆணை எண்ணை எழுதி, இல்லாதவற்றைத் தனியே பிரித்தால் நிலைமை தெரிந்துவிடும். அப்படிப் பிரித்தவற்றுக்குப் பல்கலைக்கழகமே பாடத்திட்டத்தோடு மன்றத்துக்கு விண்ணப்பிக்கட்டும். படித்து முடித்த மாணவர் தலையில் அந்த வேலையைக் கட்டாதீர்கள். இனிமேல் புதுப்பெயரில் முதுநிலைப் படிப்பு தொடங்க அனுமதி கேட்டால், இணைத்தன்மை முடிவான பிறகே மாணவர் சேர்க்கை என்று நிபந்தனை விதியுங்கள். இருக்கும் படிப்பின் பெயரை மாற்றினாலும் அதே நிபந்தனை. ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்குச் சேரும்போது இருந்த பெயரிலேயே பட்டம் வழங்குங்கள்.

வரும் கல்வியாண்டின் முதுநிலை விண்ணப்பத்தில் பட்டத்தின் முழுப்பெயர், இணைத்தன்மை அரசாணை எண், நாள், அது செல்லுபடியாகும் இளநிலைப் பாடங்கள் ஆகியவை முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும் என்று அனைத்துப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். விண்ணப்பம் அச்சுக்குப் போகும் முன்பே அது கிடைத்தால்தான் பயன்.

இப்படிக்கு,
முதுநிலைச் சேர்க்கைக்கு வழிகாட்டும் கல்லூரி ஆசிரியர்கள்