பயன்படுத்தாத மின் கொள்ளளவுக்குக் கட்டணம்: எதை அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கூரைச் சூரிய மின்சாரத்துக்கு விண்ணப்பிக்கும் யாழ்ப்பாணத்து வீட்டுக்காரர் பலருக்குக் கிடைக்கும் பதில், "உங்கள் மின்மாற்றியில் இடமில்லை" என்பதே. அந்த இடம் உண்மையிலேயே நிரம்பியிருக்கிறதா, காகிதத்தில் மட்டும் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

160 கே.வி.ஏ. (ஏறக்குறைய 160 கிலோவாற் தாங்கும்) மின்மாற்றி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 160 கிலோவாற் வரை ஒப்புதல் கொடுத்தாயிற்று. ஒரு மண்டபம் 40 கிலோவாற்றுக்கு ஒப்புதல் வாங்கி 20 மட்டும் பொருத்தியிருக்கிறது. இரண்டு கடைகள் தலா 20 கிலோவாற்றுக்கு வாங்கிவிட்டு ஒரு பனல்கூட ஏற்றவில்லை. மீதி 80 கிலோவாற் வீடுகளில் ஓடுகிறது. ஆக 60 கிலோவாற் வெறும் கோப்பில் கிடக்கிறது. 5 கிலோவாற் வீதம் பன்னிரண்டு வீடுகளுக்கு அது போதும்.

இப்படிப் பிடித்துவைத்த கொள்ளளவுக்குக் கட்டணம் அறவிடுவது நியாயமானது. எஸ்தோனியாவில் அதற்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. இங்கும் வர வேண்டும் என்பதே சூரிய மின்தொகுதி பொருத்தும் எங்கள் நிலைப்பாடு. ஆனால் "பயன்படுத்தாதது" எது என்பதைப் பிழையாக வரையறுத்தால், இடத்தைப் பிடித்துவைத்தவர் தப்பிவிடுவார். ஒழுங்காக ஓட்டுகிற வீட்டுக்காரரே தண்டம் கட்ட நேரும்.

முதலாவது, அலகுக் கணக்கைக்கொண்டு அளக்கக் கூடாது. 5 கிலோவாற் தொகுதி 30 நாளும் இரவு பகலாக முழு வலுவில் ஓடினால் 3,600 அலகு (கிலோவாற் மணி) வரும். சூரியன் தருவதோ நல்ல மாதத்தில் 600 அலகு அளவுதான். அலகை வைத்துப் பார்த்தால் ஆறில் ஐந்து பங்கு "பயன்படவில்லை" என்று முடியும். எந்த வீட்டுக் கூரையும் இந்தச் சோதனையில் தேறாது. ஓட்டத்தை அளப்பதானால் கணக்கில் எடுக்க வேண்டியது, ஆண்டில் ஏதாவது ஒரு கால் மணி நேரத்தில் பதிவான உச்ச வலு. பெருமளவில் மின்சாரம் பாவிக்கும் மொத்தப் பாவனையாளரின் உச்சக் கேள்வியை (மின் தேவையை) 15 நிமிட இடைவெளியில்தான் ஏற்கெனவே அளக்கிறார்கள். சாதாரண வீட்டு மின்மானியில் அந்தப் பதிவு இல்லாவிட்டால், முதலில் மானியை மாற்ற வேண்டும். கட்டணம் அதற்குப் பிறகுதான்.

அந்த உச்சமும் பெயர்ப்பலகையில் உள்ள எண்ணைத் தொடாது. பனலின் வலு 25 பாகை செல்சியஸில் சோதித்துக் குறிக்கப்படுவது. நண்பகல் வெயிலில் இங்கே கூரைப் பனல் 60 பாகையைத் தாண்டும். பாகைக்கு 0.35 வீதம் என்று வைத்தாலும் 35 பாகைக்கு 12 வீதம் போய்விடும். பனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டரில் 2, 3 வீதம் இழப்பு. புழுதி, கடற்கரைப் பக்கத்து உப்பு, காக்கை எச்சம் எல்லாம் சேர்ந்தால் இன்னும் ஒரு 5 வீதம். ஆக 5 கிலோவாற் பனலுக்கு 4 கிலோவாற் உச்சம் என்பது குறையில்லாத தொகுதியின் அளவு. ஒப்பிட வேண்டியது இன்வேட்டரின் வலுவோடு. அதிலும் கால் பங்கு வரை விட்டுக்கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, எந்த மானியைப் பார்ப்பது என்ற கேள்வி. 2010இல் வந்த நெற் மீற்றரிங், 2016இல் வந்த நெற் அக்கவுண்டிங் ஆகிய இரண்டு ஒப்பந்த முறைகளிலும் வீட்டுப் பாவனை போக மிஞ்சியதுதான் வெளியே போகும். வெங்காயத் தோட்டத்துக்கு மோட்டர் ஓடினாலோ குளிரூட்டி போட்டிருந்தாலோ ஏற்றுமதிப் பதிவு குறையும். நெற் பிளஸ் முறையில் உற்பத்தி முழுவதும் தனி மானி வழியாக வெளியே போகிறது. ஏற்றுமதிப் பதிவை வைத்து அளந்தால், ஒரே ஒழுங்கையில், ஒரே அளவு பனல் உள்ள இரண்டு வீடுகளில், தன் மின்சாரத்தைத் தானே பாவிக்கிறவர் மட்டும் கட்டணத்தில் மாட்டுவார். பற்றரியில் சேமித்து மாலையில் அனுப்புகிறவருக்கும் இதே கதி. அவர்தான் நண்பகலில் மின்மாற்றியின் சுமையைக் குறைக்கிறவர். ஆகவே பார்க்க வேண்டியது இன்வேட்டரின் உற்பத்திப் பதிவு.

மூன்றாவதுதான் வீட்டுக்காரரை அதிகம் பாதிப்பது: உயர் மின்னழுத்தத்தால் தொகுதி தானாக நிற்கும் நேரம். இங்கே மின்னழுத்தம் 230 வோல்ற்று. 6 வீதம் கூடலாம், குறையலாம். மேல் எல்லை ஏறக்குறைய 244. 5 கிலோவாற் ஒற்றைத் தறுவாய் (சிங்கிள் பேஸ்) இன்வேட்டர் முழு வலுவில் 22 அம்பியர் வரை தள்ளும். மின்மாற்றியிலிருந்து 500 மீற்றர் தள்ளி, 70 சதுர மில்லிமீற்றர் அலுமினியக் கம்பியின் கடைசியில் வீடு இருந்தால், போக்கும் வரத்துமாகத் தடை 0.44 ஓம் அளவு. அந்த ஒரு வீட்டால் மட்டும் மின்னழுத்தம் 10 வோல்ற்று அளவு உயரும். அதே தறுவாயில் பக்கத்து வீட்டிலும் ஒரு தொகுதி இருந்தால், வெயில் உச்சத்தில் 244ஐத் தாண்டி இன்வேட்டர் தானாக நின்றுவிடும். சில நிமிடத்தில் திரும்பத் தொடங்கும், பிறகும் நிற்கும். உரிமையாளருக்கு இதில் செய்யக்கூடியது எதுவுமில்லை; அந்த நேரத்தைப் பயன்படுத்தாததாகக் கணக்கிடக் கூடாது. வீடுகளை மூன்று தறுவாய்களிலும் சமமாகப் பிரிப்பது, நடுநிலைக் கம்பியின் தளர்ந்த பொருத்தைச் சரிசெய்வது, மின்மாற்றியில் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டப்பை ஒரு படி இறக்குவது எல்லாம் மின் விநியோக நிறுவனத்தின் வேலைகள். டப்பை இறக்கினால் இரவுச் சுமையில் கடைசி வீட்டின் மின்னழுத்தம் விழும் என்பதால், முதலில் தறுவாய்களைப் பிரித்துப் பார்ப்பதே சரி.

நிறுத்தச் சொல்லி நிறுத்திய நாட்களும் இப்படித்தான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் போனது. மறுபடியும் அப்படி நேராதிருக்க, அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கேள்வி குறைவு என்பதால் கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி கேட்டார்கள். அந்த வேண்டுகோளை மதித்து நிறுத்தியவரின் கணக்கில் அதைப் பயன்படுத்தாத கொள்ளளவாக எழுதக் கூடாது.

பணக் கணக்கையும் பார்ப்போம். 2016இல் வந்த திட்டத்தில் வெளியே அனுப்பும் மின்சாரத்துக்கு முதல் 7 ஆண்டுக்கு அலகுக்கு 22 ரூபா, அடுத்த 13 ஆண்டுக்கு 15.50 ரூபா. அன்று சேர்ந்தவர்கள் இப்போது 15.50இல் இருக்கிறார்கள். 600 அலகும் வெளியே போனாலும் மாதம் 9,300 ரூபாதான். கிலோவாற்றுக்கு 200 ரூபா என்று கட்டணம் வைத்தால் 5 கிலோவாற்றுக்கு 1,000 ரூபா, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். வங்கிக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்தால் இதைத் தாங்க முடியாது.

எனவே ஓட்டத்தை அளப்பதை விட்டு, கட்டணம், ஒப்புதலில் உள்ள கிலோவாற்றுக்கும் பொருத்திய இன்வேட்டரின் கிலோவாற்றுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் இருக்கட்டும். 10 கிலோவாற் வரையான வீடுகளுக்கு 12 மாதம் கட்டணமில்லாத அவகாசம் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது நின்று செய்விக்கும் வேலைகள் இங்கே ஏராளம். ஆறு மாதம் போதாது. 10 கிலோவாற்றுக்கு மேல் ஒப்புதல் வாங்கியவர்கள் ஆறு மாதத்துக்குள் பனலுக்கும் இன்வேட்டருக்கும் முற்பணம் கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டட்டும். இல்லாவிட்டால் ஒப்புதலை இரத்துச் செய்து வரிசையில் அடுத்தவருக்குக் கொடுக்கலாம். மிச்சக் கொள்ளளவைத் தானாகத் திருப்பிக் கொடுப்பவரிடம் ஒரு சதமும் அறவிடக் கூடாது, அவருடைய பழைய ஒப்பந்த விலையையும் தொடக் கூடாது. விலை போய்விடும் என்ற பயம் இருந்தால் ஒருவரும் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள்.

தொகுதி வைத்திருப்பவர்கள் இப்போதே செய்யக்கூடியவை சில. ஒப்புதல் கடிதத்தில் உள்ள கிலோவாற்றை இன்வேட்டரின் பெயர்ப்பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்வேட்டரின் கைபேசிச் செயலியில் உற்பத்திப் பதிவையும் கோளாறுப் பதிவையும் மாதாமாதம் இறக்கி வையுங்கள். பழைய பதிவுகள் பல செயலிகளில் அழிந்துபோகும். உயர் மின்னழுத்தத்தால் நின்ற திகதி, நேரம், அப்போதைய வோல்ற்று மூன்றையும் எழுதிப் பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்தில் கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன முறைப்பாட்டைப் பிறகு காட்ட முடியாது.

பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் ஒரு வேண்டுகோள். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தின் பின் விநியோகம் எந்த நிறுவனத்தின் பெயரில் நடந்தாலும், ஒவ்வொரு மின்மாற்றிக்கும் அதன் கே.வி.ஏ., ஒப்புதல் கொடுத்த கிலோவாற், பொருத்தி முடிந்த கிலோவாற், காத்திருக்கும் விண்ணப்பங்கள் ஆகிய நான்கு எண்களையும் மாதந்தோறும் வெளியிடச் செய்யுங்கள். ஆட்களின் பெயர் தேவையில்லை, மின்மாற்றியின் இலக்கம் போதும். யாழ்ப்பாணம், சுன்னாகம், சாவகச்சேரி, பருத்தித்துறைப் பக்கங்களில் இருந்து அதைத் தொடங்கலாம்.

சூரிய மின்தொகுதி பொருத்துநர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.