யோசிப்பது வீண் வேலையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திங்களன்று வந்த தங்கள் மாணவர் இணைப்பில் பிளஸ் 2 கணித மாதிரி விடைகளைப் பார்த்தேன். (1, 2), (5, 4), (3, 8) ஆகிய புள்ளிகள் வழியே செல்லும் வட்டத்தின் சமன்பாட்டுக்கு ஒரு பத்தியையே செலவிட்டிருக்கிறீர்கள். பொதுவடிவில் மூன்று புள்ளிகளையும் பிரதியிட்டு, மூன்று சமன்பாடுகளைத் தீர்த்து, விடையும் சரிதான். கீழே கட்டம் கட்டி ஓர் அறிவுரை: ‘யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம், சூத்திரத்தில் பொருத்தினால் போதும்.’

கொஞ்சம் யோசித்துத்தான் பார்ப்போமே. முதல் இரு புள்ளிகளைச் சேர்க்கும் கோட்டின் சாய்வு 1/2. அடுத்த கோட்டுக்கு −2. பெருக்கினால் −1, ஆக (5, 4)இல் செங்கோணம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பது தாங்கள் அறியாததல்ல. அப்படியென்றால் மற்ற இரு புள்ளிகளும் விட்டத்தின் முனைகள். (எக்ஸ் − 1)(எக்ஸ் − 3) + (ஒய் − 2)(ஒய் − 8) = 0. முடிந்தது கணக்கு. மிச்சமாகும் இடத்தில் இன்னொரு கோச்சிங் சென்டர் விளம்பரம் போட்டிருக்கலாம்.

என் மாணவி ஒருத்தி திருப்புதல் தேர்வில் இப்படித்தான் எழுதினாள். பென்சிலால் படம் வரைந்து, செங்கோணத்தில் சின்னக் கட்டமும் போட்டிருந்தாள். திருத்தியவர் 5க்கு 2 போட்டார். கேட்கப் போனால், “கீயில இல்லாததுக்கு நான் எப்படி சார் மார்க் போடறது?” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவரும் யாரோ கட்டம் கட்டிக் கொடுத்த அறிவுரையைப் படித்து வந்தவர்தானே!

பிளஸ் 1 பாடத்தைத் தொடாமலே பிளஸ் 2 நடத்தும் பள்ளிகளைப் பற்றி முன்பே எழுதினேன். தாங்கள் பிரசுரிக்கவில்லை. இடமில்லை போலும், சென்டம் வாங்கும் வழிகளுக்கு மட்டும் முக்கால் பக்கம் கிடைத்தது. நேர்க்கோடுகள் பாடம் பிளஸ் 1இல் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்து வந்த பிள்ளைக்குச் செங்கோணம் எங்கிருந்து கண்ணில் படும்?

பெரிதாக எதையும் கேட்கவில்லை. வர்க்கத்தைக் குறிக்கும் 2, தங்கள் அச்சில் எக்ஸின் தலைமாட்டில் நிற்காமல் வரிக்கே இறங்கிவிடுகிறது. அதை வெறும் இரண்டால் பெருக்கல் என்று ஒரு பிள்ளை படித்தால், தங்கள் வட்டம் நேர்க்கோடாகிவிடும். அடுத்த வாரத்திலிருந்தாவது அந்த 2ஐ மேலே ஏற்றி அச்சிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலைக் கணித ஆசிரியர்,
கோவில்பட்டி.