மீதிப் பாதியை யார் போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாதுகாப்புத் துறைக்கான புதிய தொழில்நுட்பங்களை உருவாக்கச் சிறுதொழில்களுக்கு அரசு தரும் மானியம் பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். படத்தில் ஒரு ட்ரோன் பறந்தது, பக்கத்தில் நான்கு இளைஞர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நன்றாக இருக்கட்டும். ஆனால் செய்தியை இரண்டு முறை படித்தும் என்னைப் போன்றவர்களைப் பற்றி ஒரு வரி கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கே.புதூர் தொழிற்பேட்டையில் இருபத்தாறு ஆண்டுகளாக ரப்பர் பட்டறை நடத்துகிறேன். ரப்பரைக் கலக்கும் ஒரு மில், நான்கு பிரஸ், பதினொரு ஆட்கள். இயந்திரங்களில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையங்களும் அடைப்புகளுமான ஓ-ரிங், ஆயில் சீல், கேஸ்கெட் செய்கிறோம். மதுரைக்கு ரப்பர் புதிதல்ல. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டயர் தொழிற்சாலை இருப்பது எல்லோருக்கும் தெரியும். எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகள் இருப்பது கந்தக வாசனை பட்டவர்களுக்கு மட்டும் தெரியும். என் பட்டறையில் பிசிறு வெட்டும் பெண்களில் மூத்தவர் ஒருவர், வளையத்தை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தே கடினம் அறுபதா எழுபதா என்று சொல்லிவிடுவார். மீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு மூன்று புள்ளிக்கு மேல் தவறியிருக்காது.

என் அக்கா மகன் ராணுவத்தில் வாகன மெக்கானிக். சித்திரைத் திருவிழாவுக்கு விடுப்பில் வந்தவன், அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் பட்டறைக்கு வந்தான். "மாமா, கடுங்குளிரில் காலையில் வண்டியைக் கிளப்பினால் சீல் பக்கம் எண்ணெய் கசிகிறது. ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறினால் தானாக நின்றுவிடுகிறது. ஏன்?" என்று கேட்டான். எந்த வண்டி, எந்த இடம் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் காரணம் எனக்குத் தெரியும்.

அன்றே செய்து காட்டினேன். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்த சாதாரண ஓ-ரிங் ஒன்றை ஜிகர்தண்டா கடை வைத்திருக்கும் நண்பரின் ஃப்ரீசரில் ஓர் இரவு கிடத்தினோம். எடுத்து மடக்கினால் மடங்கியது, விட்டால் உடனே நிமிரவில்லை. சோம்பேறிபோல மெல்ல மெல்ல நிமிர்ந்தது. அந்தச் சோம்பலுக்குள்தான் எண்ணெய் நழுவிப் போகிறது. இன்னொரு வளையத்தை ஐஸ்கிரீம் அனுப்புகிறவரிடம் வாங்கிய உலர்பனிக்குள் புதைத்து வைத்துச் சுத்தியலால் தட்டினேன். முறுக்குப் போல நான்காக உடைந்தது. பையன் அந்தத் துண்டுகளைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நைட்ரைலில் அக்ரிலோநைட்ரைல் என்ற மூலப்பொருளின் பங்கு கூடினால் எண்ணெயைத் தாங்கும், குளிரைத் தாங்காது. குறைத்தால் குளிருக்கு நல்லது, எண்ணெயில் ஊதிப்போகும். குளிருக்காக ரப்பரை இளக்கும் பிளாஸ்டிசைசர் கலந்தால் எண்ணெய் அதை மெல்ல உறிஞ்சிவிடும், சில மாதங்களில் வளையம் சுருங்கிவிடும். இரண்டையும் தாங்கும் ஃப்ளூரோசிலிக்கோன் என்ற ரப்பர் இருக்கிறது, விலை பல மடங்கு. இவற்றுக்கு நடுவில் ஒரு கலவையைப் பிடிப்பதுதான் ஆராய்ச்சி. சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பி 73 விநாடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தது, குளிரில் விறைத்த ஓ-ரிங் தன் வேலையைச் செய்யாததால்தான். விசாரணையின்போது இயற்பியலாளர் ஃபெயின்மன் அந்த ரப்பரை ஐஸ் தண்ணீரில் அமுக்கி எல்லோர் முன்னாலும் காட்டினார். எங்கள் ஜிகர்தண்டா ஃப்ரீசரும் காட்டியது அதைத்தான். நம் அர்ஜுன் டாங்கியின் சஸ்பென்ஷன் எண்ணெயையும் வாயுவையும் கொண்டு வேலை செய்கிறது. அதற்குள்ளும் சீல்தான் காவல்.

சரி, மானியத்துக்கு வருகிறேன். இந்த மானியத்தைத் தரும் ஐடெக்ஸ் திட்டத்தைப் பிரதமர் 2018 ஏப்ரலில் தொடங்கிவைத்தது நம் தமிழ்நாட்டில், சென்னைக்கு அருகே திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சியில். முப்படைகளும் தங்கள் தேவையைச் சவாலாக அறிவிக்கும், தீர்வு சொல்லும் நிறுவனத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை உதவி. 2022ல் ஐடெக்ஸ் பிரைம் வந்து அது 10 கோடி ஆனது. 2024ல் அதிதி திட்டத்தில் 25 கோடி. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதியிலோ 50 கோடி வரை. மேல்வரம்பு ஏறிக்கொண்டே போவதைக் குறை சொல்லவில்லை. இந்தக் கலவை ஆராய்ச்சிக்கு எனக்குத் தேவை நாற்பது லட்சம். ஐடெக்ஸ் விதிப்படி அதில் பாதியை நானே போட வேண்டும் என்பதுதான் இடிக்கிறது.

இருபது லட்சத்துக்கு வங்கிக்குப் போனேன். பட்டறைக் கட்டடம் ஏற்கெனவே அடமானத்தில் இருக்கிறது. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கொள்முதல் ஆணை இருக்கிறதா என்று கேட்டார். ஆராய்ச்சி முடிந்தால்தான் ஆணை வரும் என்றேன். ஆணை வந்தால் கடன் தரலாம் என்றார். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. வெளியில் முதலீட்டாளர் பிடித்து வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இந்தப் பாதிப் பங்கு ஒரு கையெழுத்து. எனக்கு அது மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம்.

அமெரிக்காவில் இதே போன்ற திட்டத்துக்கு 1982லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். வெளியாருக்கு ஆராய்ச்சிப் பணம் கொடுக்கும் பெரிய அரசுத் துறைகள் அதில் 3.2 சதவீதத்தைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும். முதல் கட்டம் சின்னத் தொகை, ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு, யோசனை தேறுமா தேறாதா என்று பார்க்க மட்டும். அதற்குக் கைப்பணம் போடச் சொல்வதில்லை. தேறினால் இரண்டாம் கட்டத்தில் பெரிய தொகை. மூன்றாம் கட்டத்தில் மறுபடி போட்டி வைக்காமலே அரசு அந்தப் பொருளை வாங்கலாம். குவால்காம் சிறு நிறுவனமாக இருந்த நாட்களில் இந்தப் பணத்தைப் பெற்றிருக்கிறது. அங்கேயும் குறை உண்டு. ஒரே நிறுவனங்கள் ஆண்டுதோறும் மானியத்தை வாங்கியே பிழைக்கின்றன என்ற புகார் பழையது. ஆனாலும் அந்த முதல் கட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஐந்து லட்சம் போதும், பங்குத்தொகை கேட்காமல் கொடுங்கள், கலவை தோற்றால் தோற்றது என்று எழுதித் தருகிறேன். பாதுகாப்பு ஆராய்ச்சிப் பணத்தில் 25 சதவீதம் தொழில்துறைக்கும் புதுநிறுவனங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் என்று 2022-23 பட்ஜெட்டில் அறிவித்தார்களே, அதில் இந்த ஐந்து லட்சங்களுக்கு இடம் இருக்காதா?

இன்னொன்று. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று ஐந்து மையங்கள். மதுரை இல்லை. மையம் என்ற பட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை, பலகை வைத்தால் சீல் கசியாமல் நின்றுவிடாது. கேட்பது ஒரு பரிசோதனை வசதி. தமிழ்நாட்டுக்காக 2024 ஜூலையில் ஒப்பந்தமான மூன்று சோதனைக் கூடங்களும் ஆளில்லா விமானம், மின்னணுப் போர், மின் ஒளியியல் ஆகியவற்றுக்கு. ரப்பர் குளிரில் எந்த டிகிரியில் தன் துள்ளலை இழக்கிறது என்று அளக்க என் வளையங்களை வெளியூர் கூடம் ஒன்றுக்கு அனுப்பினேன். ஏழு வாரம் கழித்து அறிக்கை வந்தது, அதற்குள் அந்தக் கலவையை நான் இரண்டு முறை மாற்றிவிட்டேன். ஒரு டிகிரி தெரிந்துகொள்ள ஏழு வாரம் என்றால் இருபது கலவையைச் சோதிக்க எத்தனை ஆண்டு?

மைனஸ் 55 டிகிரி வரை இறங்கும் குளிர்ப்பெட்டி ஒன்றும், அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும். நகரின் பொறியியல் கல்லூரி ஒன்றில் வைத்து, மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கட்டும். கல்லூரிகள் இடம் இல்லை என்றால் என் பட்டறையின் பின்பக்கம் பழைய மில் கிடக்கும் மூலையைக் காலி செய்து தருகிறேன். மூன்று பேஸ் மின்இணைப்பு அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ரப்பர் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
கே.புதூர், மதுரை.